‘எக்ஸீட்’ என்ற ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போடுவது, ஜாப் டைப்பிங், இங்கிலீஷில் லெட்டர் எழுதித் தருவது என்று ஒரு கடை வைத்திருக்கிறேன். வேலைக்கு அப்ளை பண்ணுகிற பிள்ளைகள், பில் பாஸாகாத காண்ட்ராக்டர்கள், லுங்கி வியாபாரிகள், ஆம்பூர் வாணியம்பாடி பக்கத்து ஷூ கம்பெனி சூப்பர்வைசர்கள் என்று யார் வந்தாலும் என்றாவது ஒருநாள் இந்தச் சொல்லில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

அண்ணா, ஃபோட்டோ ஏத்தினா ‘ஃபைல் சைஸ் எக்ஸீட்ஸ் லிமிட்’னே வந்துகினு இருக்குது, இன்னா அர்த்தம்?

படத்தின் அளவு, அந்த வெப்சைட் வைத்திருக்கும் வரம்பைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஃபோனில் எடுத்த படம் சாதாரணமாக 3 எம்.பி. இருக்கும், விண்ணப்பத்தில் 50 கே.பி.க்குள் கேட்பார்கள், அதாவது ஏறக்குறைய அறுபது மடங்கு பெரிய படத்தை உள்ளே திணிக்கப் பார்க்கிறீர்கள். முகமும் தோளும் மட்டும் வருகிற மாதிரி வெட்டி, பிக்சலைக் குறைத்து சேமித்தால் போய்விடும். சர்வர் சரியில்லை என்று நினைத்து அதே படத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றுவதில் பிரயோஜனம் இல்லை.

சொல்லின் உள்ளர்த்தமும் இதில் வந்துவிட்டது. லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘செடெரே’ என்றால் போவது. எங்கோ ஒரு கோடு போட்டிருக்கிறது, இது அந்தக் கோட்டுக்கு வெளியே போய்விட்டது, அவ்வளவுதான் ‘எக்ஸீட்’. கோடு எது என்று தெரியாமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே முடியாது. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில்.

எப்படிச் சொல்றது சார், எக்ஸீடா, இக்ஸீடா?

‘இக்ஸீட்’ என்பதுதான் ஒலிக்கு நெருக்கம். அழுத்தம் இரண்டாவது அசையில், ‘ஸீட்’டில் விழ வேண்டும். முதல் அசையை லேசாக விட்டுவிடலாம். நாம் எல்லோரும் ‘எக்ஸீட்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் யாருக்கும் புரியாமல் போகாது, நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். ‘எக்ஸிட்’ என்று குறுக்கி மட்டும் சொல்லாதீர்கள், அது தியேட்டர் கதவு.

ஸ்பெல்லிங்ல கடைசியில சி-இ-டி-இயா, சி-இ-இ-டியா? எப்பவும் குழம்புது.

இ, எக்ஸ், சி, இ, இ, டி. ஆங்கிலத்தில் ‘சீட்’ என்ற ஒலியில் முடிந்து, அதை சி-இ-இ-டி என்று எழுதுகிற வினைச்சொற்கள் மூன்றே மூன்று: எக்ஸீட், ப்ரொஸீட், சக்ஸீட். இதை மனப்பாடம் பண்ணிவிட்டால் ப்ரிஸீட், ரிஸீட், கன்ஸீட், அக்ஸீட் எல்லாம் சி-இ-டி-இ என்று தானாக வந்துவிடும். ‘சூப்பர்ஸீட்’ மட்டும் ஒத்தை ஆள், அதற்கு எஸ்-இ-டி-இ, ஏனென்றால் அதன் வேர் வேறு, ‘உட்காருவது’ என்ற லத்தீன் சொல்.

மேலே சொன்ன ‘அக்ஸீட்’ என்றால் இணங்குவது, ஒப்புக்கொள்வது. எக்ஸீடுக்கும் அதற்கும் காதில் கேட்க ஒற்றுமை உண்டு, அர்த்தத்தில் ஒட்டுறவே இல்லை. ‘உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது’ என்று எழுத வந்து ‘எக்ஸீடட்’ என்று அடித்த கடிதங்களைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்ல ஒரே வார்த்தையில சொல்லுங்கண்ணா, போதும்.

ஒரே வார்த்தைதான் வேண்டும் என்றால் ‘தாண்டு’. ஆனால் தமிழில் இதற்கு ஆள் நிறைய. எண்ணிக்கை, அளவு என்றால் தாண்டியது. சட்டம், உத்தரவு, அதிகாரம் என்றால் மீறியது. ‘சாமான் செலவு வருமானத்தை மிஞ்சுது’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதுவும் எக்ஸீட்தான்.

அரசு அறிவிப்புகளில் வரும் ‘மிகாமல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘500 ரூபாய்க்கு மிகாமல்’, ‘இரண்டு பக்கங்களுக்கு மிகாமல்’ என்று இருக்கும். ஆங்கிலத்தில் ‘நாட் எக்ஸீடிங்’ என்பதற்கு இதைவிடக் கச்சிதமான சொல் கிடைக்காது. பழைய தமிழ் என்று நினைத்துத் தாண்டிப் போகிறோம், ஆனால் விண்ணப்பம் நிரப்புகிறவன் முதலில் தேட வேண்டியதே அந்த ‘மிகாமல்’ இருக்கிற வரியைத்தான்.

‘எக்ஸீட் தேன்’ன்னு எழுதினேன், மேடம் செவப்பு மையில அடிச்சுட்டாங்க. ஏன்?

இங்கிலீஷ் ட்யூஷன் போகிற பிள்ளைகளில் பத்துக்கு எட்டு பேர் இதை எழுதுகிறார்கள், காரணம் நம் தமிழ்தான். மனதில் ‘செலவு எஸ்டிமேட்டை விட அதிகமானது’ என்று ஓடுகிறது. அந்த ‘விட’ நேராகப் போய் ‘தேன்’ என்பதைப் பிடித்து இழுத்து வந்து, ‘தி காஸ்ட் எக்ஸீடட் தேன் தி எஸ்டிமேட்’ என்று உட்கார வைத்துவிடுகிறது. எக்ஸீடுக்குள்ளேயே ‘விட அதிகம்’ என்பது இருக்கிறது, மறுபடி வெளியிலிருந்து ஒன்று தேவையில்லை. ‘தி காஸ்ட் எக்ஸீடட் தி எஸ்டிமேட்’, முடிந்தது.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். எழுதுவதற்கு முன்னால் தமிழ் வாக்கியத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ‘எஸ்டிமேட்டை விட அதிகமானது’ என்பதை ‘எஸ்டிமேட்டைத் தாண்டியது’ என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். இப்போது ‘விட’ காணாமல் போய்விட்டது, வெறும் ‘ஐ’ உருபு மட்டும் இருக்கிறது, எனவே ஆங்கிலத்திலும் இடையில் ஒன்றும் வராது. ‘தேன்’தான் வேண்டும் என்றால் எக்ஸீடை எடுத்துவிட்டு ‘வாஸ் மோர் தேன்’ என்று எழுதுங்கள், அதுவும் சரியான ஆங்கிலம்தான். எக்ஸீட் இருக்கிற இடத்தில் தேன் ஊற்றாதே என்று பிள்ளைகளிடம் சொல்வேன், சிரிப்பார்கள், ஆனால் அப்புறம் மறப்பதில்லை.

அப்போ ‘எக்ஸீட் ஓவர்’, ‘எக்ஸீட் அபவ்’, ‘எக்ஸீட் மோர்’?

மூன்றும் வேண்டாம். காரணம் போன பதிலில் இருக்கிறது.

‘மை லிமிட் ஹாஸ் எக்ஸீடட்’னு பேங்குக்கு லெட்டர் எழுதிக்கினு வந்தேன், நீங்க ஏன் மாத்தினீங்க?

ஏனென்றால் அந்த வாக்கியத்தில் வரம்பே எழுந்து எதையோ தாண்டிப் போகிறது. எதைத் தாண்டியது என்று படிக்கிறவர் கேட்டால் பதில் இல்லை. வரம்பு தாண்டாது, தாண்டப்படும். ஆக ‘தி லிமிட் ஹாஸ் பீன் எக்ஸீடட்’ என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘ஐ ஹாவ் எக்ஸீடட் தி லிமிட்’ என்று ஆளை முன்னால் கொண்டுவர வேண்டும்.

இதுவும் பேச்சுத் தமிழிலிருந்து வருகிற கோளாறுதான். நாம் எந்த ஆங்கில வினையையும் அப்படியே எடுத்து பின்னால் ‘ஆயிடுச்சு’, ‘பண்ணிட்டான்’ ஒட்டிவிடுகிறோம். ‘டேட்டா லிமிட் எக்ஸீட் ஆயிடுச்சு’ என்பது நம் பேச்சில் ஒரு குறையும் இல்லாத வாக்கியம். ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த ‘ஆயிடுச்சு’ என்ன வேலை செய்தது என்று பார்க்காமல் அதை மட்டும் உதறிவிடுகிறோம், அப்போதுதான் சிக்கல். நான் வைத்திருக்கிற கணக்கு இது: தமிழில் ‘எக்ஸீட் பண்ணிட்டேன்’ என்று வந்தால் ஆங்கிலத்தில் ‘ஐ ஹாவ் எக்ஸீடட்’, அதன் பின்னால் எதை என்று சொல்ல வேண்டும். ‘எக்ஸீட் ஆயிடுச்சு’ என்று வந்தால் ‘ஹாஸ் பீன் எக்ஸீடட்’. ஃபோன் திரையில் ‘லிமிட் எக்ஸீடட்’ என்று மொட்டையாக வருவது இந்த இரண்டாவது வகைதான், நடுவில் இருக்க வேண்டிய ‘ஹாஸ் பீன்’ இடம் கருதி வெட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ‘லிமிட் எக்ஸீடட்’ தனியாக நிற்கும் வாக்கியம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

பில்லு 14 லட்சம், எஸ்டிமேட் 12 லட்சம். ‘எக்ஸீடட் 2 லேக்ஸ்’னு போடலாமா தம்பி?

கூடாதுங்க, அர்த்தம் தலைகீழாகிவிடும். ‘தி பில் எக்ஸீடட் 2 லேக்ஸ்’ என்றால் பில் தொகையே 2 லட்சத்தைத் தாண்டியது, அதாவது இரண்டே கால், இரண்டரை என்று ஏதோ இருக்கும் என்று படிக்கிறவர் நினைப்பார். எவ்வளவு கூடுதலாகப் போனது என்பதைச் சொல்ல ‘பை’ வேண்டும்: ‘தி பில் எக்ஸீடட் தி எஸ்டிமேட் பை 2 லேக்ஸ்’. தாண்டப்பட்டது எது என்பது நேராக வினைக்குப் பின்னால், தாண்டிய தூரம் ‘பை’க்குப் பின்னால்.

‘எக்ஸீடட் டு 14 லேக்ஸ்’ என்றும் எழுதி வருகிறார்கள். எங்கே போய் நின்றது என்று சொல்வதற்கு ‘ரோஸ் டு’ இருக்கிறது, ‘வெண்ட் அப் டு’ இருக்கிறது, எக்ஸீடுக்கு ‘டு’ கிடையாது.

‘நாட் எக்ஸீடிங் 50 கே.பி.’ன்னா சரியா 50 இருந்தா ஏத்துக்குமா ஏத்துக்காதா?

ஆங்கிலப்படி ஏற்க வேண்டும். கோட்டின் மேல் நிற்பது கோட்டைத் தாண்டியது ஆகாது. 50 வரைக்கும் சரி, 50ஐத் தொட்டாலும் சரி, அதற்கு மேல் போனால்தான் எக்ஸீட். ‘லெஸ் தேன் 50’ என்றோ ‘பிலோ 50’ என்றோ போட்டிருந்தால் 50 வெளியே. இந்த வித்தியாசம் கணக்குப் பாடத்தில் வருகிற அதே வித்தியாசம்தான்.

நடைமுறையில் 45க்கு இறக்கிவிடுங்கள். ஒரு கே.பி. என்பதைச் சில இடங்களில் 1000 பைட் என்றும் சில இடங்களில் 1024 பைட் என்றும் கணக்குப் போடுவார்கள், உங்கள் ஃபோன் 50 என்று காட்டுவதை அந்த வெப்சைட் 51 என்று பார்க்கலாம். அங்கே போய் இலக்கணம் பேச முடியாது.

வயசு விஷயத்துலயும் அப்படித்தானா? எனக்கு 32 முடிஞ்சு மூணு மாசம் ஆகுது.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அறிவிப்புகளில் இரண்டு விதமான வாசகம் வருகிறது. ‘ஷுட் நாட் ஹாவ் கம்ப்ளீட்டட் 32 இயர்ஸ்’ என்றால் 32 வயது நிறைவடைந்திருக்கவே கூடாது, அந்த வாசகப்படி 32வது பிறந்தநாள் வந்துவிட்டாலே கதவு சாத்தியாச்சு. ‘நாட் எக்ஸீடிங் 32 இயர்ஸ்’ என்றால் 32 நிறைவது வரை சரி. ஆனால் 32ம் மூன்று மாதமும் என்பது 32ஐத் தாண்டியதுதான், நாம் வாயால் ‘எனக்கு 32 வயசு’ என்று சொல்லிக்கொள்வது வேறு விஷயம்.

இரண்டிலும் எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள் என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். அப்புறம் பிரிவு வாரியான வயதுத் தளர்வு பெரும்பாலும் தனி அட்டவணையில் இருக்கும், பலர் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மனம் ஒடிந்து திரும்பிப் போகிறார்கள்.

முன்னாடி போற பஸ்ஸை ‘எக்ஸீட்’ பண்ணான்னு சொல்லலாமா?

ஓவர்டேக். ரோட்டில் வண்டியை வண்டி முந்துவதற்கு அதுதான், நமக்கும் அதுதான் வாயில் வரும். ஆனால் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி நெடுஞ்சாலையில் ஒருவன் 130ல் பறந்தால் அவன் ‘எக்ஸீடட் தி ஸ்பீட் லிமிட்’, ஏனென்றால் அங்கே எண்ணால் போட்ட கோடு இருக்கிறது. நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலையில் காருக்கு மத்திய அரசு 2018ல் வைத்த உச்ச வரம்பு மணிக்கு 100 கி.மீ., வளைவும் ஊரும் வரும் இடங்களில் போர்டில் அதைவிடக் குறைவாகவே போட்டிருப்பார்கள்.

மே மாச வெயிலைப் பத்தி ‘டெம்பரேச்சர் இஸ் எக்ஸீடிங் 40’ன்னு எழுதினா தப்பா?

தப்பு என்று அடிக்க மாட்டேன், ஆனால் ‘எக்ஸீட்ஸ் 40 டிகிரீஸ்’ என்பது நன்றாக இருக்கும். வேலூர் வெயில் ஒவ்வொரு கோடையிலும் 40 டிகிரியைத் தாண்டும், அது வழக்கம், வழக்கத்துக்கு ‘எக்ஸீட்ஸ்’ போதும். நேற்று ஒருநாள் தாண்டியது என்றால் ‘எக்ஸீடட்’. இந்த வாரம் முழுக்க விடாமல் தாண்டிக்கொண்டே இருக்கிறது என்று புலம்ப வேண்டும் என்றால் ‘ஹாஸ் பீன் எக்ஸீடிங்’ என்று போடலாம், அக்னி நட்சத்திரத்தில் நம் ஊருக்கு அதுவும் பொருந்தும்.

சர்பாஸ், எக்ஸெல், அவுட்டூ, எக்ஸீட், எல்லாமே மிஞ்சுறதுதானே சார்? இன்னா வித்தியாசம்?

எல்லாம் மிஞ்சுவதுதான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் இடிக்கும். எக்ஸீட் என்பது அளவுகோல் வைத்துப் பேசுகிற சொல், அதில் பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. கடன் எக்ஸீட் ஆகலாம், விளைச்சலும் எக்ஸீட் ஆகலாம். சர்பாஸில் மரியாதை இருக்கிறது. குருவை மிஞ்சிய சிஷ்யன் என்கிறோமே, அதை ஆங்கிலத்தில் சொல்ல சர்பாஸ்தான் சரி, ‘தி ஸ்டூடண்ட் சர்பாஸ்ட் தி டீச்சர்’. அங்கே எக்ஸீட் போட்டால் குருவை ஏதோ வேக வரம்பு மாதிரி ஆக்கிவிடுவீர்கள். பழைய சாதனையைத் தாண்டினான் என்பதற்கும் சர்பாஸ் நன்றாக வரும்.

அவுட்டூ என்றால் போட்டி. இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். எதிர் வீட்டில் கல்யாணத்துக்கு ஆம்பூர் பிரியாணி போட்டார்கள் என்று இவர் பிரியாணியோடு தால்ச்சா, கத்தரிக்காய்ப் பச்சடி, ஐஸ்கிரீம் வரைக்கும் இறக்கினால் அதுதான் அவுட்டூ. கடந்த காலம் ‘அவுட்டிட்’, ‘அவுட்டூட்’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள். ‘ஷி அவுட்டிட் ஹெர்செல்ஃப்’ என்று ஒரு வழக்கு உண்டு, தன்னைத்தானே மிஞ்சிக்கொண்டாள், அதாவது அவளே இதுவரை இவ்வளவு நன்றாகச் செய்ததில்லை என்று பாராட்டு.

எக்ஸெல் கொஞ்சம் தனி. இன்றைய வழக்கில் பின்னால் ‘இன்’ அல்லது ‘அட்’ வந்து, எதில் சிறந்து விளங்குகிறார் என்று சொல்லும்: ‘ஷி எக்ஸெல்ஸ் இன் மேத்ஸ்’. ஒருவரை நேராக மிஞ்சுவதற்கு இப்போது அதைப் பயன்படுத்துவதில்லை. எழுதும்போது கடந்த காலத்தில் எல் இரட்டிக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், எக்ஸீடில் எதுவும் இரட்டிக்காது, பின்னால் இ-டி சேர்த்தால் போதும்.

‘அவுட்’ சேர்த்தா எல்லா வினையும் மிஞ்சுறதா மாறிடுமா?

நிறைய மாறும், ஆங்கிலத்தின் நல்ல வசதிகளில் இது ஒன்று. அவுட்ரன் என்றால் ஓட்டத்தில் மிஞ்சுவது, அவுட்செல் விற்பனையில், அவுட்விட் புத்தியில், அவுட்நம்பர் எண்ணிக்கையில். அவுட்லிவ் என்றால் ஒருவருக்குப் பின்னும் உயிரோடு இருப்பது. குழந்தை சட்டைக்கு மேல் வளர்ந்துவிட்டால் அவுட்க்ரோ. இங்கே பேருக்குப் பேர் லுங்கி வியாபாரம் பண்ணுகிறவர்கள், ‘கட்டம் போட்டது ப்ளெய்னை அவுட்செல் பண்ணுது’ என்று ஸ்டாக் ரிப்போர்ட்டில் எழுதினால் ஒரு வரியில் விஷயம் முடிந்துவிடும், ‘மோர் தேன்’ போட்டு நீட்ட வேண்டாம்.

இவை எல்லாமே எக்ஸீட் மாதிரிதான் நடந்துகொள்ளும். மிஞ்சப்பட்டது நேராகப் பின்னால் வரும், நடுவில் ‘தேன்’ கிடையாது. ஆனால் அவுட்லுக், அவுட்கம், அவுட்லெட் எல்லாம் பெயர்ச்சொற்கள், அவற்றில் இந்த மிஞ்சுதல் இல்லை. ‘அவுட்ஸ்டாண்டிங்’கில் இரண்டும் உண்டு, மார்க் ஷீட்டில் இருந்தால் மெச்சத்தக்கது, கடன் நோட்டீஸில் இருந்தால் இன்னும் கட்டாத பாக்கி.

பெங்களூர்ல ஐ.டி. வேலை பாக்கிறேன். அப்ரைசல்ல ‘மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ போட்டிருக்காங்க, ‘எக்ஸீட்ஸ்’ கேட்டு எப்படி எழுதுறது?

‘மீட்ஸ்’ என்றால் எதிர்பார்த்ததைச் செய்தீர்கள், ‘எக்ஸீட்ஸ்’ என்றால் எதிர்பார்த்ததைத் தாண்டிச் செய்தீர்கள். முதல் பதிலில் சொன்னதுதான், கோட்டைக் காட்டாமல் தாண்டினேன் என்று சொல்ல முடியாது. ‘ஐ எக்ஸீடட் ஆல் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்று மட்டும் எழுதினால் மேனேஜர் அதைப் படித்துவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவார். வருட ஆரம்பத்தில் என்ன இலக்கு கொடுத்தார்கள், நீங்கள் எதில் முடித்தீர்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து நடுவில் ‘எக்ஸீடட் பை’ போடுங்கள்.

‘மை எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். நீங்கள் உங்களிடம் எதிர்பார்த்ததே குறைவு என்று ஆகிவிடும்.

போர் தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட்ல டி.டி.எஸ். ‘எக்ஸீட்ஸ் அக்செப்டபிள் லிமிட்’னு வந்துகீது, குடிக்கலாமா கூடாதா?

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து இந்த ரிப்போர்ட் நிறைய வருகிறது, தோல் பதனிடும் தொழில் நடக்கிற பாலாற்றுப் பகுதியில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரிப்போர்ட்டில் இரண்டு கோடுகள் இருப்பதைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500ன்படி டி.டி.எஸ். எனப்படும் கரைந்த உப்புகளுக்கு ‘அக்செப்டபிள்’ வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், ‘பெர்மிஸிபிள்’ வரம்பு 2000. வேறு நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் மட்டும் இரண்டாவது கோடு வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. கடினத்தன்மைக்கு இதே மாதிரி 200, 600.

ஆக ‘எக்ஸீட்ஸ்’ என்ற சொல்லைப் பார்த்தவுடன் பதற வேண்டாம், அதற்குப் பின்னால் எந்தக் கோட்டின் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். 800 என்றால் முதல் கோட்டைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டவில்லை. 2400 என்றால் இரண்டையும் தாண்டியது, குடிக்க வேறு தண்ணீர் பாருங்கள். டி.டி.எஸ். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு பண்ணவும் கூடாது, ஃப்ளூரைடு, நைட்ரேட், கிருமி என்று கீழே தனித்தனி வரிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் அதனதன் கோடு உண்டு.

மாத்திரை அட்டையில ‘டு நாட் எக்ஸீட் தி ஸ்டேட்டட் டோஸ்’னா?

சொல்லியிருக்கிற அளவுக்கு மேல் போடாதே. பெரியவர்களுக்கு பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மிகக் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் எட்டு, அதுவும் இடைவெளி விட்டு. ஈரல் கோளாறு இருப்பவர்களுக்கும் எடை ரொம்பக் குறைவானவர்களுக்கும் டாக்டர் இன்னும் குறைத்துச் சொல்வார்.

இதில் கோடு மாத்திரைக்கு இல்லை, மருந்துக்கு. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று வேறு வேறு பெயரில் வாங்கிப் போட்டாலும் இரண்டிலும் பாராசிட்டமால் இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கோர்ட் பேப்பர்ல ஒரு எடத்துல ‘நாட் எக்ஸீடிங்’, இன்னொரு எடத்துல ‘மே எக்ஸ்டெண்ட் டு’. ரெண்டும் ஒண்ணா?

தண்டனை அளவைச் சொல்லும்போது ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் மேல்கோட்டைச் சொல்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 183வது பிரிவை 2019 திருத்தத்துக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள், இலகுரக வாகனத்தை வேக வரம்பு மீறி ஓட்டினால் அபராதம் ஆயிரத்துக்குக் குறையாமல், இரண்டாயிரம் வரை நீளலாம் என்று இருக்கும். கீழ்க்கோடு ஒன்று, மேல்கோடு ஒன்று. ‘நாட் எக்ஸீடிங்’ என்று மட்டும் போட்டிருந்தால் கீழ்க்கோடு இல்லை, மேல்கோடு மட்டும்தான்.

சட்டத்தில் எக்ஸீட் இன்னொரு முக்கியமான இடத்திலும் வரும். தற்காப்புக்காக ஒருவன் தாக்கும்போது சட்டம் தந்த அதிகாரத்தை மீறிப்போய் எதிராளி இறந்துவிட்டால், அது கொலைக் குற்றத்துக்கான விதிவிலக்குகளில் ஒன்றாகப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 300வது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 101வது பிரிவுக்கு வந்திருக்கிறது. அங்கே ‘எக்ஸீட்ஸ் தி பவர்’ என்றுதான் வாசகம். நல்லெண்ணத்தோடு, முன்திட்டம் இல்லாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் நோக்கமில்லாமல் என்று நிபந்தனைகள் உண்டு, எனவே அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வாதம் கட்ட முடியாது, வக்கீலைப் பாருங்கள்.

சர்ச்சுல பழைய இங்கிலீஷ் பைபிள் படிச்சேன், ‘எக்ஸீடிங் கிரேட் ஜாய்’னு இருக்குது. எதைத் தாண்டின சந்தோஷம்?

எதையும் இல்லை. 1611ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ‘எக்ஸீடிங்’ என்பது ‘மிகவும்’ என்ற அர்த்தத்தில் நின்றது. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் சாஸ்திரிகள் நட்சத்திரத்தைக் கண்டு மகிழ்ந்த இடம், தமிழ் வேதாகமத்தில் ‘மிகுந்த ஆனந்த சந்தோஷம்’ என்று இருக்கும். பாருங்கள், அங்கேயும் ‘மிகு’தான் வந்திருக்கிறது, அரசு அறிவிப்பின் ‘மிகாமல்’ இதற்கு உடன்பிறப்பு.

இன்றைக்கு அதே வேலையை ‘எக்ஸீடிங்லி’ செய்கிறது, அதுவும் கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி தெரியும். கடிதத்தில் ‘வெரி’ போதும்.

‘லிமிட்டைத் தாண்டிப் பேசுற’ன்னு திட்டணும்ணா, ‘யு ஆர் எக்ஸீடிங் யுவர் லிமிட்’ சரிதானே?

நம் ஊரில் புரிந்துகொள்வார்கள், அடியும் விழும். ஆனால் இங்கிலீஷ்காரன் காதுக்கு அது கிரெடிட் கார்டு கம்பெனி பேசுகிற மாதிரி இருக்கும். வாய்த்தகராறில் ‘யு ஹாவ் கிராஸ்ட் தி லைன்’ என்பதுதான் வழக்கு, இல்லாவிட்டால் ‘யு ஆர் கோயிங் டூ ஃபார்’. ‘லிமிட்டை கிராஸ் பண்ணாதே’ என்று நாம் சொல்வதில் கிராஸ் சரியாகத்தான் இருக்கிறது, லிமிட்டுக்குப் பதில் லைன் போட்டுக்கொள்ளுங்கள்.

அதிகாரி ஒருவர் தன் அதிகாரத்துக்கு மேல் உத்தரவு போட்டுவிட்டார் என்று புகார் எழுதும்போது ‘எக்ஸீடட் ஹிஸ் அத்தாரிட்டி’ ரொம்பப் பொருத்தம். அது திட்டு இல்லை, குற்றச்சாட்டு. எனவே எந்த விதியில் அவர் அதிகாரம் எதுவரை என்று இருக்கிறதோ அந்த விதி எண்ணையும் கூடவே எழுதுங்கள், இல்லாவிட்டால் கோடில்லாத எக்ஸீட் ஆகிவிடும்.

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’, இதை எக்ஸீட் வச்சு மொழிபெயர்க்கச் சொல்லி பொண்ணுக்கு ஹோம்வொர்க் குடுத்திருக்காங்க தம்பி.

எக்ஸீட் வைத்தால் ‘ஈவன் நெக்டர் டர்ன்ஸ் டு பாய்சன் வென் இட் எக்ஸீட்ஸ் தி மெஷர்’ என்று எழுதலாம், இலக்கணம் சரியாக இருக்கும், டீச்சர் மார்க் போட்டுவிடுவார். எனக்குப் பிடித்தது ‘இன் எக்ஸஸ், ஈவன் நெக்டர் இஸ் பாய்சன்’. எக்ஸஸ் என்பது எக்ஸீடின் பெயர்ச்சொல், அதே வேர்தான். பழமொழியில் அளவு எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை, சாப்பிடுகிறவனுக்கே தெரியும் என்று விட்டுவிட்டார்கள். அளவு சொல்லாத இடத்தில் எக்ஸீடைவிட எக்ஸஸ் இயல்பாக உட்காரும். ஹோம்வொர்க்கில் எக்ஸீட்தான் வேண்டும் என்று கேட்டிருந்தால் முதல் வாக்கியத்தையே எழுதிக் கொடுத்துவிடுங்கம்மா, இரண்டாவதைக் கீழே சேர்த்து எழுதினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.